விட்டுப்போனதற்கு ஒரு சொல்

"எப்ப விட்டிட்டுப் போனவர்?" என்று ஏர்னெஸ்ட் கேட்டார். பேனாவை மையில் தோய்த்து, குப்பியின் வாயில் ஒருதரம் தட்டி, தாளுக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்.

சின்னத்தங்கம் வாய் திறக்கவில்லை. வழக்குப் பேசும் பிரக்கிராசியின் கந்தோரில் அவளை இருத்தியிருந்த வாங்கு ஒரு கால் கட்டையானது. அசைந்தால் டக்கென்று சத்தம் போட்டது. விடியற்காலையில் புத்தூரிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்து இறங்கியதிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நகக்கண்களில் புகையிலைப் பால் கறுத்துப்போயிருந்தது. எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவியும் போகவில்லை.

"விட்டிட்டுப் போகேல்லை ஐயா. போனவர். பிறகு வரேல்லை."

"ரெண்டும் ஒண்டுதானே பிள்ளை?"

"ஒண்டில்லை."

ஏர்னெஸ்ட் பேனாவைக் கீழே வைத்தார். பிரக்கிராசியிடம் எழுதுவினைஞராக இருந்தே நரைத்துப்போன மனிதர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, சட்டம் படிக்கக் கொழும்புக்குப் போய், ஒன்றும் தேறாமல் திரும்பி வந்தவர். கழுத்துப்பட்டி பிய்ந்துபோக உட்பக்கத்தைப் புரட்டித் தைத்த கோட்டுப் போட்டிருந்தார். வாயில் எப்போதும் ஒரு கராம்பு.

"கேளும். உம்மடை சீதனக் காணிதான். உம்மடை அப்பர் எழுதித் தந்ததுதான். ஆனால் எங்கடை தேசவழமைச் சட்டத்திலை மனுசன்ரை கையெழுத்தில்லாமல் பெண்சாதி ஒரு பிடி மண்ணும் விக்கேலாது. அதுதான் நொத்தாரிசு காணி உறுதி எழுத மாட்டன் எண்டவர். ஒரு வழி இருக்கு. மனுசன் விட்டிட்டுப் போனவர் எண்டு கோட்டிலை சொல்லி, அவற்றை கையெழுத்து இல்லாமலே விக்க உத்தரவு எடுக்கலாம். ஆனால் 'போனவர், வரேல்லை' எண்டு எழுதிக் குடுத்தால் நீதவான் சிரிப்பார். யப்பான்காரன் மலாயாவைப் பிடிச்சு வைச்சிருக்கிறான். அங்கை போன ஒருத்தரும் வரேல்லைத்தானே?"

"ஓம்."

"அப்ப யப்பான்காரன் வர முந்தியே விட்டவர் எண்டு காட்ட வேணும். அதுக்குச் சரியான சொல்லுப் போட வேணும்."

சொல் என்றதும் ஏர்னெஸ்டின் முகம் மாறியது. கராம்பைக் கன்னத்தின் மற்றப் பக்கத்துக்குத் தள்ளினார். முன்னால் இருப்பவள் தோட்டம் கொத்துகிற பெண் என்பதை மறந்துவிட்டார். அல்லது அவளைப்போல எழுந்து போக முடியாமல் இருந்து கேட்கிற ஆள் அவருக்கு அபூர்வமாகத்தான் கிடைத்திருக்க வேண்டும்.

"இங்கிலீசிலை இதுக்கு எத்தினை சொல்லு எண்டு நினைக்கிறீர்? கலியாணம் பேசிப்போட்டுக் கைவிட்டால் ஜில்ட். உமக்குச் சரிவராது, தாலி ஏறியிட்டுது. கப்பலிலை போறவங்கள் தங்கடை ஆள் ஒருத்தனை ஆளில்லாத தீவிலை இறக்கி, ஒரு போத்தில் தண்ணியைக் குடுத்துப்போட்டுப் பாயை விரிச்சுப் போனால் மரூன். கண்டியளோ, அதுக்கெண்டே ஒரு சொல்லு! குதிரை அறுத்துக்கொண்டு ஓடினால் போல்ட், மனுசனுக்கும் சொல்லுவினம். பழஞ்சாமானை ஊத்தைத்தண்ணிக் கானுக்குள்ளை எறிஞ்ச மாதிரி எறிஞ்சால் டிச். அது சண்டியங்கள் கதைக்கிற கதை, கோட்டிலை எடுபடாது. சக் எண்டதும் அப்பிடித்தான். ஃபோர்சேக் எண்டு ஒண்டு. அது எங்கடை வேதத்திலை வாறது. ஆண்டவர் சிலுவையிலை கிடந்து, ஏன் என்னைக் கைவிட்டீர் எண்டு கேட்ட சொல்லு. அது உம்மடை மனுசனுக்குப் போடுற சொல்லில்லை."

"ஏன் ஐயா அவைக்கு இவ்வளவு சொல்லு?"

"வெள்ளைக்காரனுக்கு அதுதானே தொழில். பிறந்த ஊரை விட்டான், கப்பலை விட்டான், போன போன இடமெல்லாம் பெண்டிலை விட்டான். சொல்லு வேண்டாமே?"

சின்னத்தங்கம் சிரிக்கவில்லை. ஏதோ கணக்குப் பார்ப்பவள்போலக் கேட்டாள். "அப்ப சிங்கப்பூரை யப்பான்காரனிட்டை விட்டிட்டு வந்தினமே. அதுக்கு என்ன சொல்லு?"

ஏர்னெஸ்ட் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அறைக்குள் பிரக்கிராசி இருமினார். குரலைத் தாழ்த்தி, "அதுக்கு வித்ட்ரோ எண்டு பேப்பரிலை போட்டவை. அது மரியாதையான சொல்லு," என்றார். தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்துவிட்டு, திரும்பவும் பேனாவை எடுத்தார். "உமக்கு டெசேர்ட். அதுதான் சட்டச் சொல்லு. பட்டாளத்தை விட்டு ஓடுறவனுக்கும் அதுதான். அவனைப் பிடிச்சால் சுடுவினம். பெண்சாதியை விட்டு ஓடினவனுக்கு ஒண்டுமில்லை. சொல்லு மட்டும் ஒண்டு. சரி, சாட்சி ஆர்? அவர் அங்கை வேறை சீவியம் நடத்தினதைக் கண்ட ஆள் ஒருத்தர் வேணும்."

சாட்சி யார் என்பது சின்னத்தங்கத்துக்குத் தெரியும். தெரிந்ததால்தான் வாங்கு டக்கென்றது.

கிணறு விழுந்திராவிட்டால் அவள் இந்தப் படி ஏறியிருக்க மாட்டாள். கார்த்திகை மழை ஒரு கிழமை விடாமல் ஊற்றியது. அடுத்தநாள் காலையில் நாற்றுப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனவள், கிணற்றின் தென்புறக் கட்டு முழுவதும் உள்ளே சரிந்து கிடப்பதைக் கண்டாள். கல்லும் செம்மண்ணும் குழம்பி, தண்ணீர் இறைக்கிற துலாவின் ஒரு கால் அந்தரத்தில் நின்றது. புகையிலை நட்டு முடிந்திருந்த நேரம். மழை விட்டால் இறைத்தாக வேண்டும். கிணற்றைத் தூர்வாரிக் கட்டாவிட்டால் அந்தச் செம்மண் தரையில் நெருஞ்சிதான் முளைக்கும்; அவள் மற்றவர்களின் தோட்டத்தில் கூலிக்குக் கொத்துவாள். விற்கக் கைக்கு எட்டியதாக இருந்தது வாதரவத்தைப் பக்கத்துச் சீதனப் பனங்காணி ஒன்றுதான். எல்லைக்காரர் சீவரத்தினம் அதைக் கேட்டு அலைந்துகொண்டிருந்தார். நொத்தாரிசு மறுத்துவிட்ட அன்றைக்குப் படலையடியில் நின்று அவர் சொன்னார்: "நான் என்ன செய்ய தங்கச்சி? மனுசன்ரை ஒரு கையெழுத்துத்தானே. யப்பான்காரனிட்டைச் சொல்லி வாங்கித் தாவன்." பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மலாயாக்காரன் பெண்சாதியைப் பார்த்துச் சொல்லுகிற பகிடிதானே. அதில் மரியாதைக் குறைச்சல் இல்லை.

அந்த மரியாதைதான் அவளிடம் இருந்த சொத்து. அவள் புருஷன் நடராசா கலியாணம் முடித்த மூன்றாம் மாதம் மலாயாவுக்குக் கப்பலேறினான். ரயில்வேயில் வேலை. ஒருதரம் லீவில் வந்து, கிணற்றுக்குப் புதுத் துலா போட்டு, பனங்காணிக்கு வேலி அடைத்து, அவளுக்கு ஒரு பட்டுச்சேலையும் தந்துவிட்டுப் போனான். பிறகு கொஞ்சக் காலம் கடிதம் வந்தது, காசு வந்தது. பிறகு கடிதம் மட்டும். பிறகு அதுவும் இல்லை. சண்டை இல்லை, சொல் இல்லை. துலாக் கயிறு நாளுக்கு ஒரு இழையாக அறுந்த மாதிரி அறுந்தது. எந்த நாளில் அறுந்தது என்று அவளால் சொல்ல முடியாது. ஏர்னெஸ்ட் எப்ப என்று கேட்டபோது அவள் வாய் அடைத்ததற்கு வெட்கம் மட்டும் காரணமில்லை. அவளுக்கே தெரியாது. தபாற்கந்தோருக்குப் போய் வெறுங்கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு வந்த நாட்கள் தெரியும். "என்னவாம் நடராசா?" என்று கேட்டவர்களுக்கு "சுகமாம்" என்று சொன்னது தெரியும். ஊர் அவளை எப்படிப் பார்க்கத் தொடங்கியிருந்தது என்பதும் தெரியும். வாழாவெட்டி என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அது ஒழுங்கையின் முடக்கில் வந்து நின்றது.

அந்த நேரத்தில்தான் யப்பான்காரன் வந்தான். மலாயாவுக்குத் தபால் இல்லை. ஊர் முழுக்க அழுதது. எல்லா மலாயாக்காரர் வீட்டிலும் ஒரே இருட்டு. சின்னத்தங்கமும் அழுதாள். அந்த அழுகைக்குள் ஒரு சின்ன ஆறுதல் இருந்தது; அது வெளியே தெரிந்துவிடுமோ என்று இன்னும் பலமாக அழுதாள். வெள்ளிக்கிழமைகளில் மலாயாக்காரர் பெண்சாதிமார் அம்மன் கோயில் வீதியில் ஆளுக்கொரு சுட்டி விளக்கு ஏற்றத் தொடங்கினார்கள். அந்த வரிசையில் இரண்டாவது விளக்கு அவளுடையது. முதலாவது அருமைநாயகியினுடையது. விளக்குக்கு விளக்கு வித்தியாசம் இல்லை. எண்ணெய் எரிகிறபோது யாருடைய புருஷன் எழுதினான், யாருடையவன் எழுதவில்லை என்று நெருப்புக்குத் தெரியாது. யுத்தம் முடிய வேண்டுமென்று மற்றவர்கள் கும்பிட்டார்கள். சின்னத்தங்கம் கும்பிட்டதை யாருக்கும் சொல்லவில்லை.

அருமைநாயகி வேலிக்கு அந்தப்பக்கம். அவளைவிட இரண்டு வயது மூத்தவள். புருஷனோடு மலாயாவில் கிள்ளான் பக்கம் இருந்துவிட்டு, யப்பான்காரன் வருவதற்கு முந்திய வருஷம் தனியே திரும்பி வந்தவள். வந்த கையோடு ஒரு பிஸ்கற் பேணியைத் தூக்கிக்கொண்டு சின்னத்தங்கத்தைப் பார்க்க வந்தாள். புத்தூரிலிருந்து போன ஒவ்வொருவரையும் பற்றிச் சொன்னாள். இன்னாருக்கு வயிறு பருத்துவிட்டது, இன்னார் குடிக்கிறார், இன்னாரின் பிள்ளை சீனப்பாஷை கதைக்கிறது. நடராசாவின் பெயர் மட்டும் வரவில்லை. சின்னத்தங்கம் கேட்கவும் இல்லை. பேணியைத் திறந்து ஒரு பிஸ்கற்றை எடுத்து இரண்டாக உடைத்து, "நல்லாய் மொறுமொறுக்குது அக்கா" என்றாள். அன்றிலிருந்து அந்தச் சொல்லாமையையும் கேளாமையையும் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கிணறு விழுந்த பிறகு, தன் இறைப்பு முடிந்ததும் சின்னத்தங்கத்தின் புகையிலைக்கும் தண்ணீர் விட்டவள் அருமைநாயகிதான். துலா மிதிக்கிற கூலிக்காரர்கள் முணுமுணுத்தால், "என்ன, உங்கடை கொப்பர் வெட்டின கிணறோ?" என்று வாயை அடைப்பாள்.

கந்தோருக்குப் போய் வந்த மறுநாள் சின்னத்தங்கம் அவளிடம் போனாள். அருமைநாயகி புகையிலைக் கன்றுகளுக்கு நடுவே குந்தியிருந்து இலையிடுக்கில் முளைத்த பக்கக் கண்களைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். சின்னத்தங்கமும் பக்கத்து வரியில் குந்திக் கிள்ளத் தொடங்கினாள். கை வேலையில் இருந்தால் வாய்க்குக் கொஞ்சம் துணிவு வரும்.

"அருமையக்கா, கோட்டுக்கு ஒரு சாட்சி வேணுமாம்."

"என்ன சாட்சி?"

"நீங்கள் அங்கை கண்டனீங்கள்தானே."

அருமைநாயகியின் விரல்கள் நின்றன. "எதை?"

"எனக்குச் சொல்லாதேங்கோ. நான் இவ்வளவு காலமும் கேக்கேல்லை, இப்பவும் கேக்கேல்லை. நீதவான் கேட்டால் மட்டும் சொல்லுங்கோ."

"உனக்கு விசரே? கோட்டிலை ஏறி, என்னை என்ரை மனுசன் விட்டிட்டான் எண்டு கத்தப் போறியோ? ஊர் பாத்துக்கொண்டிருக்குது தங்கம். யுத்தம் வந்து கடவுளே எண்டு மூடி வைச்சிருக்குது. அதைப்போய்க் கிளறுறியே."

"மூடி வைச்சால் கிணத்திலை தண்ணி வருமே?"

"ஒரு கிணத்துக்காண்டியோ?"

"வேறை எனக்கு என்ன கிடக்குது அக்கா?"

அருமைநாயகி எழுந்து நின்றாள். இடுப்பில் கை வைத்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொன்னாள்: "நீ இப்ப போய் உப்பிடிச் சொன்னால், நாளைக்கு எங்கள் எல்லாரையும் உப்பிடித்தான் பாப்பினம். அவளின்ரை மனுசன் விட்டவனாம், இவளின்ரை என்னவாம் எண்டு ஒவ்வொருத்தியாய்ப் பிரிச்சுப் பாப்பினம். விளக்கை எண்ணத் தொடங்குவினம். நான் வரமாட்டன்."

சின்னத்தங்கத்துக்கு எங்கிருந்து அந்தச் சூடு வந்ததென்று தெரியவில்லை. "நீங்கள் ஏன் தனியத் திரும்பி வந்தனீங்கள் எண்டும் நான் இண்டுவரைக்கும் கேக்கேல்லை," என்றாள்.

சொல்லி முடித்தபோதே திரும்ப வாங்கிக்கொள்ள ஆசையாக இருந்தது.  அருமைநாயகி மடியில் சேர்த்திருந்த முளைகளை வரப்பில் உதறிக்கொட்டினாள். அவளுடைய விரல்நுனிகளும் கறுத்துத்தான் இருந்தன.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் சின்னத்தங்கத்தால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. உலை வைத்துவிட்டு வேலியடிக்குப் போவாள். வேலியடியில் நின்று எதற்கு வந்தோம் என்று யோசிப்பாள். ஏர்னெஸ்டின் சொற்கள் காதுக்குள் கொசுமாதிரி நின்றன. மாட்டுக்குக் குழை வெட்டும்போது ஒவ்வொன்றாக எடுத்து நடராசாவின் தலையில் வைத்துப் பார்த்தாள். குதிரை அறுத்து ஓடினமாதிரியா போனான்? இல்லை, பெட்டியை ஒழுங்காகக் கட்டி, கோயிலில் திருநீறு வாங்கித்தான் போனான். கானுக்குள் எறிந்தானா? எறிவதற்கும் ஒருதரம் கையில் தூக்க வேண்டுமே. தீவில் இறக்கிய கதைதான் அடிக்கடி வந்தது. அந்த ஆள் முதல்நாள் என்ன செய்திருப்பான்? கப்பல் திரும்பி வரும் என்று கரையில் நின்றிருப்பான். அடுத்தநாளும் நின்றிருப்பான். எந்த நாளில் திரும்பி, தீவுக்குள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று தேடப் போயிருப்பான்? ஏர்னெஸ்ட் அதைச் சொல்லவில்லை. விட்டுப்போகிறவனுக்குத்தான் அத்தனை சொல்லும். நிற்கிறவன் என்ன செய்தான் என்பதற்கு அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. நடராசாவைக் கேட்டால் என்ன சொல்லுவான்? அந்த மரியாதையான சொல்லைத்தான் சொல்லுவான் என்று அவளுக்குப் பட்டது.

அருமைநாயகி விடுகிற தண்ணீர் இனி நின்றுபோகும் என்று அவள் நினைத்திருந்தாள். புகையிலை இலை வெயிலுக்குத் தொங்கத் தொடங்கியிருந்தது. இரண்டு நாள் பொறுத்து, வெட்கத்தை விட்டுக் கேட்போமா என்று விடிகிற நேரம் தோட்டத்துக்குப் போனாள். வாய்க்காலின் அணையை யாரோ வெட்டி அவள் பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள். கால்களுக்கு இடையால் தண்ணீர் மண்நிறத்தில் சுருண்டு சுருண்டு ஓடியது. கிணற்றடியில் அருமைநாயகி தண்ணீர்ப் பட்டையைச் சரித்துக்கொண்டிருந்தாள். இந்தப்பக்கம் பார்க்கவில்லை. இவளும் கூப்பிடவில்லை. மண்வெட்டியை எடுத்து அடுத்த பாத்திக்கு வழி வெட்டினாள்.

வழக்கு நாளன்று பஸ் நிற்கிற இடத்தில் அருமைநாயகி நின்றாள். கலியாணவீட்டுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தாள்.

"எங்கை அக்கா?"

"வேறை எங்கை? உன்ரை புகையிலை வாடுறதைப் பாத்துக்கொண்டு எனக்கு நிக்கேலாது. அடுத்த போகத்துக்கும் என்ரை கிணத்தை உறிஞ்சப் போறியோ?" என்றாள். பஸ்ஸுக்குள் ஏறிய பிறகு, "என்னோடை கதையாதை. கதைச்சால் இறங்கிப் போடுவன்," என்றாள்.

நீதவான் கொழும்பிலிருந்து வந்தவர். தமிழ் தெரியாது. அவருக்குக் கீழே நின்ற முதலியார் ஒரு காதால் தமிழை வாங்கி மறு கையால் இங்கிலீசைக் கொடுத்துக்கொண்டிருந்தார். தலைப்பாகை, வெள்ளைக் கோட்டு, கறல் பிடித்த குரல். சின்னத்தங்கம் சாட்சிக் கூட்டில் ஏறி, முன்மரத்தைப் பிடித்தாள். எத்தனையோ பேரின் வேர்வையில் அது வழுவழுத்துப் போயிருந்தது.

"யுத்தம் நடக்குது," என்று முதலியார் நீதவானின் கேள்வியைச் சொன்னார். "எத்தினையோ பேருடைய புருஷன்மார் அங்கே அகப்பட்டிருக்கினம். உம்முடைய புருஷன் மட்டும் உம்மை விட்டிட்டார் எண்டு என்னண்டு சொல்லுறீர்?"

சுருக்கமாகச் சொல்லும்படி ஏர்னெஸ்ட் பழக்கியிருந்தார். பழக்கிய வசனத்தை விட்டு, தன்பாட்டில் சொன்னாள்.

"யப்பான்காரன் வந்த பிறகு எல்லாருக்கும் கடிதம் நிண்டது, துரை. எனக்கு அதுக்கு முதலே நிண்டது. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. வாறது எண்டு சொல்லித் திரிஞ்சன். பிறகு யுத்தம் வந்தது. அதோடை நானும் எல்லாரையும்போலை ஆகியிட்டன்."

பின்வரிசை வாங்கில் யாரோ கனைத்தார்கள். சீவரத்தினம் வந்து இருந்தார். பனங்காணி அவருக்கல்லவா. இனி அவள் ஊருக்குப் போவதற்கு முன்பே கதை போய்ச் சேர்ந்துவிடும். முதலியார் இங்கிலீசில் சொன்னார். அவள் அவ்வளவு சொன்னதற்கு அவர் சொன்னது கொஞ்சம்தான். அதற்குள் அந்தச் சொல் வந்தது. டெசேர்ட்டட். அவளுக்கு அது கேட்டது. இத்தனை வருஷமும் ஒரு சின்னக் கொட்டைப்பாக்கு அளவுக்குள் அடங்கிவிட்டதை நினைக்க அவளுக்கு வியப்பாக இருந்தது.

அடுத்து அருமைநாயகி ஏறினாள். சத்தியம் வாங்கினார்கள். நடராசாவைக் கண்டீரா என்று முதலியார் கேட்டார்.

"கண்டனான். கிள்ளானிலை, மீன் சந்தையிலை. நான் திரும்பி வாறதுக்குக் கொஞ்சம் முந்தி. கூட ஒரு பொம்பிளை. அவளின்ரை இடுப்பிலை ஒரு பிள்ளை. பிள்ளை அவரை அப்பா எண்டது."

"கதைத்தீரோ?"

"கதைச்சனான். அவர்தான் கூப்பிட்டவர். ஒளிக்கேல்லை. ஊர்ப் புதினம் கேட்டவர். மழை பெஞ்சதோ எண்டு கேட்டவர். பனங்காணி வேலியை ஆராவது உள்ளுக்குத் தள்ளி அரக்கிப் போட்டாங்களோ எண்டு கேட்டவர்." அருமைநாயகி நிறுத்தினாள். சின்னத்தங்கத்தைப் பார்க்காமல், முன்மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கிணத்திலை தண்ணி நிக்குதோ எண்டு கேட்டவர். இவளைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை."

முதலியார் அதை இங்கிலீசில் சொல்லும்போது சின்னத்தங்கம் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தியும் பிள்ளையும் அவள் எண்ணியிராதது அல்ல. எத்தனையோ இராக்களில் அந்தப் பொம்பிளைக்கு முகம் வைத்துப் பார்த்திருக்கிறாள். ஆனால் கிணறு அவள் நினையாதது. அவன் கடல் தாண்டி நின்று, மீன்வாளியும் கையுமாக, கிணற்றை நினைத்திருக்கிறான். கிணற்றடியில் நின்று இறைப்பவள் யார் என்பது அவனுக்கு நினைவில் வரவில்லை.

நீதவான் எழுதிக்கொண்டே தலை நிமிராமல் ஏதோ கேட்டார். முதலியார் ஒரு கணம் தயங்கி, பிறகு தமிழில் கேட்டார்: "உம்முடைய புருஷனும் மலாயாவில்தானே. அவர் உமக்குக் கடிதம் எழுதினவரோ?"

 அருமைநாயகி கலியாணவீட்டுச் சேலையின் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டாள்.

"அது இந்த வழக்கில்லை, துரை."

முதலியார் அதை இங்கிலீசில் மெதுவாகச் சொன்னார். நீதவான் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பேனாவைத் தாளின் ஓரத்தில் கொஞ்சநேரம் வைத்திருந்தார். பிறகு தலையை ஆட்டினார். அருமைநாயகி இறங்கி வந்து, சின்னத்தங்கத்துக்குப் பக்கத்தில் இராமல் இரண்டு ஆள் தள்ளி இருந்தாள்.

திரும்புகிற பஸ் நீர்வேலி வாழைத் தோட்டங்களுக்கு வந்தது. வாழைகளுக்கு இடையே யாரோ இறைத்துக்கொண்டிருந்தார்கள். துலா ஏறி இறங்கியது.

"கிணத்தைக் கேட்டவரோ?" என்றாள் சின்னத்தங்கம்.

"ஓம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நல்ல தண்ணி எண்டன்."



வெள்ளிக்கிழமை அவள் வழக்கம்போலச் சுட்டியும் எண்ணெயுமாகக் கோயிலுக்குப் போனாள். போகாமல் விடலாமா என்று காலையிலிருந்து வீட்டுக்கும் படலைக்குமாக நடந்து, கடைசியில் நடந்த கால் தானாகக் கொண்டுபோய் விட்டது. வரிசையில் நின்ற பூரணம் அவளைக் கண்டு, பக்கத்துக்காரிக்குச் சொல்லுகிற மாதிரி இவளுக்குச் சொன்னாள்: "இனி இவளுக்கு எண்ணெய் மிச்சம்." யாரோ சிரித்தார்கள். யாரோ சிரிக்காமல் தன் விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள். அருமைநாயகி தன் சுட்டியை ஏற்றிவிட்டுக் கண்ணை மூடி நின்றாள். எவளோ ஒருத்தி அந்த விளக்கையும் அருமைநாயகியையும் மாறி மாறிப் பார்த்தாள். எண்ணத் தொடங்கிவிட்டார்கள். சின்னத்தங்கம் எண்ணெயைக் கோயில் தூண்டாமணி விளக்கில் ஊற்றிவிட்டு, வெறும் சுட்டியோடு வீட்டுக்கு வந்தாள்.

கோட்டு உத்தரவு பங்குனியில் வந்தது. உறுதியில் அவளுடைய கையெழுத்து மட்டும்தான். நொத்தாரிசு மை ஒற்றும்போது பக்கத்தில் ஒரு கையெழுத்துக்கு இடம் வெறுமையாகக் கிடப்பதுபோலத் தோன்றியது. அப்படி ஒரு இடமே விடப்படவில்லை. சித்திரை முடிவதற்குள் சீவரத்தினம் பாதிப் பனைகளைத் தறித்துவிட்டார். கோடரிச் சத்தம் தோட்டம்வரைக்கும் கேட்டது.

வைகாசியில் தண்ணீர் அடிக்குப் போனதும் கிணறு கட்டுகிறவர்கள் வந்தார்கள். முதல் இரண்டு நாளும் பெரிய கற்களைக் கிளப்பினார்கள். மூன்றாம் நாள் ஒருவனுக்குக் காய்ச்சல். நிற்கிற வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கச் சின்னத்தங்கத்தால் முடியவில்லை. சேலையை வரிந்து கட்டி, ஏணியால் தானே கீழே இறங்கினாள். பெண்பிள்ளை கிணற்றுக்குள் இறங்குவதோ என்று மேலே நின்றவன் சொன்னான். அப்ப நீ இறங்கு என்றாள். அவன் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

கீழே குளிர்ந்திருந்தது. அழுகிய குழையின் மணமும் சுண்ணாம்புக் கல்லின் மணமும் கலந்து வந்தன. சேறு முழங்காலைப் பிடித்தது. கையால் துழாவித் துழாவிக் கல்லை எடுத்துக் கயிற்றில் இறங்கிய ஓலைக் கடகத்தில் போட்டாள். ஒரு கல்லைப் புரட்டும்போது பழைய துலாக் கயிற்றின் துண்டு ஒன்று அகப்பட்டது. அதையும் கல்லோடு போட்டாள். நிமிர்ந்து பார்த்தபோது மேலே வானம் ஒரு சுளகளவுக்கு வட்டமாகத் தெரிந்தது. கடகம் மேலே போய்விட்டு வர நேரம் எடுத்தது. யாரோ மேலே கதைக்கிற சத்தம், பிறகு கதை நின்றது. கடகம் திரும்பி இறங்கியபோது கயிறு முன்னையைப்போல வெட்டி வெட்டி வரவில்லை. கையால் அளந்து விடுகிற மாதிரி சீராக வந்தது. வட்டத்தின் விளிம்பில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. வெளிச்சத்துக்கு எதிரே முகம் தெரியவில்லை. சுருட்டிக் கட்டிய கொண்டை மட்டும் தெரிந்தது. கோயிலில் கண்ட அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவளும் அருமைநாயகியும் முகம் கொடுத்துக் கதைத்திருக்கவில்லை.

"தங்கம்," என்று குரல் சுவரில் மோதி மோதி இறங்கி வந்தது. "தண்ணி வருதோ?"

சின்னத்தங்கம் குனிந்து பார்த்தாள். கல் கிளப்பிய குழியில் மண்நிறமாக ஏதோ நிறைந்துகொண்டிருந்தது. ஊற்றா, அல்லது சுற்றிவர நின்ற நேற்றைய சேற்றுத் தண்ணீர்தான் வடிந்து வருகிறதா என்று சொல்லமுடியவில்லை. குதிக்காலுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் குளிர்ந்தது. கிடந்த கற்களுக்குள்ளே பெரிய கல்லைக் கட்டிப் பிடித்துத் தூக்கிக் கடகத்தில் வைத்து, கயிற்றை ஒருதரம் இழுத்துக் காட்டினாள். மேலே கயிறு தெறித்து நிமிர்ந்தது. பாரம் சேற்றைவிட்டுக் கிளம்பி, சுவரில் முட்டாமல், அவள் முகத்தில் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டு மேலே போயிற்று.